அனல் காற்றும் அகமதாபாத்தும்

வெயில் தமிழருக்குப் புதியதன்று. அக்கினி நட்சத்திரம் என்று பெயரிட்டு, அது தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்தவர்கள் நாம். நுங்கும் பதநீரும், நீர்மோரும் பானகமும், பனையோலை விசிறியும் வெட்டிவேர்த் தட்டியும் நம் கோடையின் துணைவர்கள். ஆதலால் பிழைப்பின் பொருட்டு வடக்கே சென்று குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர், "வெயிலைக் கண்டு அஞ்சுவதற்கு நாம் என்ன பனிமலையிலிருந்தா வந்தோம்?" என்று எண்ணுவது இயல்பே.

ஆனால் வெயிலிலும் வகை உண்டு. தமிழகக் கடற்கரையின் வெயில் ஒன்று. நர்மதைக்கு வடக்கே வீசும் அனல் மற்றொன்று. இவ்வேற்றுமையை உணர விரும்புவோர் மே மாதத்தில் அகமதாபாத் நகருக்குச் செல்ல வேண்டும். அந்நகரைக் காண்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடும் வெப்பத்தால் மக்கள் மாளுவதை விதியென்று விட்டுவிடாமல், தடுக்கக்கூடிய கேடென்று கருதி, மாநகராட்சியே முன்னின்று திட்டம் வகுத்த ஊர் தெற்கு ஆசியாவில் அதுவே முதலாவது. அத்திட்டம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு நடைபெறுகிறது, அது எட்டாத இடங்கள் எவை என்பவற்றை அயலூர்களில் வாழும் நம்மவர் அறிந்துகொள்வது நலம்.

புழுதியும் அனலும்

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம் இது. கடல் தெற்கே தொலைவில் ஒதுங்கிவிட்டது. மாலைக் கடற்காற்று என்னும் பேறு இவ்வூரார்க்கு இல்லை. வடமேற்கே தார்ப் பாலைவனம். ஏப்ரல் மாதம் பிறந்தது முதல் ஜூன் மாதத்தில் மழை மேகம் தலைகாட்டும் வரையில் அத்திசையிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டே இருக்கும். வட நாட்டார் இக்காற்றை 'லூ' என்பர். மே மாதத்தில் அன்றாட உச்ச வெப்பத்தின் சராசரியே 41 டிகிரி செல்ஷியஸைத் தாண்டும். இந்தக் கணக்கும் நிழலில் வைத்த கருவி காட்டுவது. வெயிலில் நடப்பவனுடைய உடல் காண்பது இதனினும் மிகுதி.

1618ஆம் ஆண்டில் இங்கே தங்கியிருந்த மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், இவ்வூரின் புழுதியையும் அனல் காற்றையும் நோயையும் பொறுக்க மாட்டாமல், இதற்குப் புழுதி நகரம் என்று பெயரிடலாமா, அனற்காற்று நாடு என்று பெயரிடலாமா என்று தம் நினைவுக் குறிப்பில் நொந்துகொண்டார். அரண்மனையும் பணியாளரும் உடைய பேரரசருக்கே அந்நிலை என்றால், தலையில் செங்கல் சுமந்து நடப்பவள் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

முன்னோர் கண்ட வழி

எனினும் ஆறு நூற்றாண்டுகளாக மக்கள் இங்கே வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் வெப்பத்தோடு வாழக் கற்ற வகையைப் பழைய நகருக்குள் புகுந்தால் காணலாம். காலூப்பூர் இரயில் நிலையத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் 'போள்' எனப்படும் குடியிருப்புகள் தொடங்குகின்றன. ஒரு வாயில், அதன் உள்ளே வளைந்து செல்லும் ஒடுங்கிய சந்து, இருமருங்கிலும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய உயர்ந்த வீடுகள்: இதுவே போள். பெருந்தெருவில் கண் கூசும் நண்பகலில்கூடச் சந்துக்குள் நிழல் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சுவர் பொதுவாதலால் வெயில் தாக்கும் பரப்புக் குறைவு. வீட்டின் நடுவே, நம் செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சை வீடுகளிலும் உள்ளது போன்ற திறந்த முற்றம் உண்டு. சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து வெளியேறும். முற்றத்தின் அடியில் 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டி. கூரையில் விழும் மழைநீர் அதில் சேர்ந்து ஆண்டு முழுவதும் குடிநீராகப் பயன்பட்டது. இத்தகைய போள்களைக் கொண்ட பழைய நகரத்தை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது.

நகருக்கு வடக்கே அடாலஜ் என்னும் சிற்றூரில் ஒரு 'வாவ்' இருக்கிறது. நம்முடைய 'வாவி' என்னும் சொல்லும் குஜராத்தியரின் 'வாவ்' என்னும் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. நாம் வாவி என்றால் நிலத்தின் மேல் பரந்த குளத்தை எண்ணுகிறோம்; அவர்களுடைய வாவோ நிலத்துக்குள் ஐந்து அடுக்கு ஆழம் படிப்படியாக இறங்குவது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ராணி ரூடாபாய் பெயரால் அது கட்டி முடிக்கப்பட்டது. ஒவ்வோர் அடுக்காக இறங்கும்போது ஒளி குறைகிறது, வெக்கையும் குறைகிறது. தண்ணீர் எடுக்க வந்த பெண்களும் வழிநடைப் பயணிகளும் பகற்பொழுதின் கொடுமை தணியும் வரை அங்கே தங்கி இளைப்பாறுவார்கள். நீர் வழங்கும் இடமும் நிழல் வழங்கும் இடமும் ஒன்றாகவே அமைந்தது அக்கால அறிவின் சிறப்பு.

மற்றொன்று 'பரப்'. கடைத்தெருவில், கோயில் வாயிலில், மரத்தடியில் பெரிய மண்பானைகளை வைத்து வழிப்போக்கர் யாராயினும் தண்ணீர் அருந்த வைப்பது இவ்வூர் அறம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலேதான். பெயர் மட்டும் வேறு. பறவைகளையும் இவர்கள் மறக்கவில்லை. 'சபூத்ரோ' என்னும் அழகிய மேடைகளைத் தூண்மேல் அமைத்து, புறாவுக்கும் குருவிக்கும் தானியமும் நீரும் வைக்கிறார்கள்.

தகரக் கூரையின் கீழ்

போள்களின் குளிர்ச்சி நகரம் முழுவதற்கும் வாய்க்கவில்லை. 1861ஆம் ஆண்டில் ரண்சோட்லால் சோட்டாலால் இங்கே முதல் பஞ்சாலையை நிறுவினார். பின்னர் ஆலைகள் பெருகின. கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று நாம் பெருமை பேசுவதற்கு முன்பே அகமதாபாத் இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் பெற்றது. ஆலைச் சங்கின் ஓசை கேட்டுப் பல மாநில மக்கள் வந்தார்கள், தமிழரும் வந்தார்கள். மணிநகர், கோக்ரா முதலிய கிழக்குப் பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலி கேட்கிறது. 1980ஆம் ஆண்டுகளில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, தொழிலாளர் பலர் கட்டட வேலைக்கும் தள்ளுவண்டி வியாபாரத்துக்கும் வீட்டிலிருந்தே செய்யும் கைத்தொழிலுக்கும் சென்றனர். தலைக்குமேல் இருந்த ஆலைக் கூரை போயிற்று, வெயில் வந்தது.

இவர்கள் வாழும் வீடுகளுள் பல தகரமோ கல்நார்த் தகடோ வேய்ந்தவை. பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தகைய வீட்டுக்குள் நுழைந்தால், வெளியே நிற்பதே மேல் என்று தோன்றும். இரவிலும் கூரையின் சூடு எளிதில் தணிவதில்லை. அப்பளம் இடுபவளும் ஊதுவத்தி உருட்டுபவளும் துணி தைப்பவளும் அக்கூரையின் கீழ்தான் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார்கள். 'வெயிலில் அலையாதே, வீட்டுக்குள் இரு' என்னும் அறிவுரை எல்லார்க்கும் பொருந்துவதன்று என்பதை அங்கே அறிந்துகொள்ளலாம்.

மணிநகரில் நாம் சந்தித்த தமிழ் முதியவர் ஒருவர், இளமையில் ஆலையில் வேலை பார்த்தவர், இவ்விரு நாட்டு வெயிலின் வேற்றுமையைச் சுருங்கச் சொன்னார்: "நம் ஊரில் வேர்த்துக் கொட்டும் தம்பி. சட்டை நனைந்ததும் தண்ணீர் குடிக்க வேண்டுமென்று தோன்றும். இங்கே வேர்வை வந்தது தெரியாது. காற்று அதைக் குடித்துவிட்டுப் போய்விடும். வேர்க்கவில்லையே என்று இருந்தால் ஆளையே சாய்த்துவிடும்."

மருத்துவ நூல் கூறுவதும் இதுவே. உடல் தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வை உலர்வதன் மூலமே தணித்துக்கொள்கிறது. ஈரக் காற்றில் வியர்வை உலராமல் வழியும். அதனால் துன்பம் கண்ணுக்குத் தெரியும். வறண்ட காற்றில் அது தோன்றியவுடன் மறையும்; உடலின் நீர் வற்றிக்கொண்டே வருவதை ஒருவர் அறியாமலே இருப்பார். நீர் வற்றி, வியர்ப்பதும் தளர்ந்து, உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது அறிவு தடுமாறுகிறது. இதுவே வெப்பத் தாக்கு. உடனே குளிர்விக்காவிட்டால் உயிர் போய்விடும்.

2010ஆம் ஆண்டு மே மாதம்

2010ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த வாரத்தில் மருத்துவமனைகளிலும் இடுகாடு சுடுகாடுகளிலும் கூட்டம் மிகுந்தது. ஆனால் வெள்ளம் வந்தால் இடிந்த வீட்டைக் காட்டலாம். புயல் அடித்தால் விழுந்த மரத்தைக் காட்டலாம். வெப்பம் எதையும் இடிப்பதில்லை, எதையும் சாய்ப்பதில்லை. முதியவர் ஒருவர் பாயில் படுத்தவர் எழுவதில்லை. சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ, சிறுநீரகக் கோளாறு என்றோ, முதுமை என்றோ எழுதப்படும். வெப்பம் என்னும் சொல் அதில் இடம்பெறுவது அரிது. ஆகவே கொன்றது எது என்பது ஊருக்குத் தெரிவதில்லை.

உண்மையை வெளிக்கொணர்ந்தது ஓர் எளிய கணக்கு. அந்த மே மாதத்தில் நகரில் நேர்ந்த எல்லாச் சாவுகளையும் எண்ணி, முந்திய ஆண்டு மே மாதத்தோடும் அடுத்த ஆண்டு மே மாதத்தோடும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். 2010 மே மாதத்தில் இறந்தோர் 4,462 பேர்; வழக்கத்தைக் காட்டிலும் 1,344 பேர் மிகுதி. அதாவது நூற்றுக்கு 43 பங்கு கூடுதல். ஒரே நகரில், ஒரே மாதத்தில், ஓசையின்றி நடந்த பேரழிவு இது. இக்கணக்கை விரித்துரைக்கும் ஆய்வுக் கட்டுரை 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எச்சரிக்கைத் திட்டம்

அவ்வாறு இறந்தோரில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்கலாம் என்னும் எண்ணமே திட்டத்தின் வித்து. காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும், அமெரிக்க நாட்டின் இயற்கை வளப் பாதுகாப்புக் கழகமும், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் அகமதாபாத் மாநகராட்சியோடு சேர்ந்து உழைத்தன. காந்திநகர் நிறுவனத்தின் தலைவராக இருந்த மருத்துவர் திலீப் மாவலங்கர் இம்முயற்சியில் முன்னின்றார். 2013ஆம் ஆண்டில் வெப்பச் செயல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தில் வியப்பூட்டும் இயந்திரம் எதுவும் இல்லை. வானிலைத் துறையிடமிருந்து சில நாள் முன்னதாகவே வெப்ப முன்னறிவிப்பு மாநகராட்சிக்கு வருகிறது. அதனை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களால் தரம் பிரிக்கிறார்கள். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் 41.1 டிகிரி முதல் 43 வரை மஞ்சள் என்றும், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு என்றும், 45 டிகிரியும் அதற்கு மேலும் சிவப்பு என்றும் வகுத்தனர். நாடு முழுவதற்கும் பொதுவான வானிலைத் துறை விதிப்படி, சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால் அது வெப்ப அலை. அகமதாபாத்தாரோ தம் ஊரில் எந்த அளவில் சாவு மிகுகிறது என்று கணக்குப் பார்த்துத் தமக்கெனத் தனி அளவுகளை வகுத்துக்கொண்டனர்.

நிறம் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பொறுப்பு அதிகாரி எல்லாத் துறைகளுக்கும் செய்தி அனுப்புகிறார். மருத்துவமனைகள் படுக்கையும் பனிக்கட்டியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஆயத்தம் செய்கின்றன. 108 வண்டிகள் ஆயத்தமாகின்றன. சுகாதாரப் பணிப் பெண்கள் குடிசைப் பகுதிகளில் வீடு வீடாகச் செல்கிறார்கள். பூங்காக்கள் நண்பகலில் மூடப்படாமல் திறந்து வைக்கப்படுகின்றன. பழைய பரப் மீண்டும் உயிர்பெற்றுப் பேருந்து நிறுத்தங்களிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தண்ணீர் வைக்கப்படுகிறது. கைப்பேசியிலும் வானொலியிலும் செய்தித்தாளிலும் சுவரொட்டியிலும் எச்சரிக்கை வெளியாகிறது. நண்பகலில் கட்டட வேலையை நிறுத்துமாறு வேலை கொடுப்போர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சிறு சிறு செயல்கள். ஆனால் அவை ஒரே நாளில், ஒரே வேளையில், யார் செய்வது என்னும் ஐயமின்றி நடைபெற வேண்டும். இவ்வொழுங்கே திட்டத்தின் உயிர்.

மேல்மாடியும் கீழ்த்தளமும்

இத்திட்டம் பற்றிய ஆராய்ச்சிகளுள் நம் உள்ளத்தைத் தொடுவது சாரதாபென் மருத்துவமனையின் வரலாறு. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் மிகுந்த சரஸ்பூர் பகுதியில் உள்ள மாநகராட்சி மருத்துவமனை அது. அங்கே பிள்ளைப்பேற்றுப் பிரிவு மேல்மாடியில் இருந்தது. அதன் கூரை நாள் முழுவதும் வெயிலை வாங்கியது. பிறந்த குழந்தைக்குத் தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. தாகம் என்று சொல்லவும் தெரியாது. 2010ஆம் ஆண்டுக் கோடையில் சூட்டு நோயால் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் தொகை மிகுந்தது. அதன்பின் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினர்.

2009 முதல் 2011 வரையுள்ள கோடைகளின் பதிவேடுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது இரு செய்திகள் வெளிப்பட்டன. 42 டிகிரிக்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்ப நோயால் சேர்க்கப்படும் குழந்தைகளின் தொகை நூற்றுக்கு 43 பங்கு உயர்ந்தது. கீழ்த்தளத்துக்கு மாறியதால் அது நூற்றுக்கு 64 பங்கு குறைந்தது. புதிய மருந்து இல்லை. அயல்நாட்டுக் கருவி இல்லை. கட்டில்களை மாடியிலிருந்து கீழே இறக்கியதன் பயன் இது. நம் வீடுகளிலும் கைக்குழந்தையையும் நோயாளியையும் முதியவரையும் கோடையில் மேல்மாடி அறையில் படுக்க வைக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சுண்ணாம்பின் அருமை

2017ஆம் ஆண்டில் மாநகராட்சி மற்றோர் எளிய வேலையைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் உள்ள கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதே அது. கருங்கூரை வெயிலைக் குடிக்கும். வெண்கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் தனி வண்ணமோ பூசிய கூரையின்கீழ் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைகிறது. மகிளா ஹவுசிங் டிரஸ்ட் போன்ற தொண்டு நிறுவனங்கள் பெண்களுக்கு இதனைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையாலேயே கூரைக்கு வெள்ளை பூசச் செய்தன. தைத் திங்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நம் மரபைக் கூரைக்கும் நீட்டிப் பங்குனியில் ஒரு முறை பூசினால் கோடையைக் கடக்கலாம். 2023ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இரு என்றால், அன்றாடங் காய்ச்சியின் அடுப்பு எவ்வாறு எரியும்? இக்கேள்விக்கும் இந்நகரிலேயே ஒரு விடை முயலப்பட்டது. எலா பட் அம்மையார் 1972ஆம் ஆண்டில் இங்கே தோற்றுவித்த 'சேவா' என்னும் உழைக்கும் பெண்கள் சங்கம், 2023ஆம் ஆண்டில் வெப்பத்துக்கென ஒரு காப்பீட்டைத் தொடங்கியது. வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், மனுவும் சான்றிதழும் இன்றியே, உறுப்பினரான பெண்ணின் கணக்கில் ஒரு சிறு தொகை சேர்ந்துவிடும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இத்தொகையைப் பெற்றனர். தொகை சிறிது, ஒரு நாள் கூலிக்கு ஈடாகுமோ ஆகாதோ. ஆயினும் வெயிலில் இழந்த கூலியும் ஓர் இழப்பே என்பதை அது ஏற்றுக்கொண்டது.

பயனும் குறையும்

திட்டத்தால் பயன் உண்டா? 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது. 2016 மே 20ஆம் நாள் இந்நகரில் வெப்பம் 48 டிகிரியை எட்டியபோது, 2010இல் இல்லாத ஓர் ஆயத்தம் நகரில் இருந்தது.

ஒடிசா மாநிலம் இப்பாடத்தை இன்னும் முன்பே, மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. அங்கே 1998ஆம் ஆண்டு வெப்ப அலையில் 2,042 பேர் மாண்டனர். அதன்பின் சிற்றூர் வரையில் விழிப்புணர்வு பரப்பப்பட்டது. அகமதாபாத்துக்குப் பின் நாட்டின் பல மாநிலங்களும் நகரங்களும் வெப்பத் திட்டங்களை வகுத்தன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் தாய்த் தமிழ்நாட்டில், 2024ஆம் ஆண்டில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டு, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி வழங்கவும் வகை செய்யப்பட்டது.

குறையும் சொல்லவேண்டும். டில்லியிலுள்ள கொள்கை ஆராய்ச்சி மையம் 37 திட்டங்களைப் படித்துப் பார்த்து 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிப் பேசியவை 11 மட்டுமே என்று கண்டது. எந்தத் தெருவில், எத்தகைய மக்கள் மிகுந்த இடரில் இருக்கிறார்கள் என்று கணித்துக் காட்டியவை இரண்டே. யாரைக் காக்க வேண்டும் என்று அறியாத திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

நம்மவர் செய்யத்தக்கது

இவ்விடத்தில்தான் நம் போன்ற சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. எச்சரிக்கை அந்தந்த ஊர் மொழியில் வருகிறது. நேற்று வந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளிக்குக் குஜராத்தி எழுத்தும் தெரியாது, மராத்திச் சுவரொட்டியும் விளங்காது. சுகாதாரப் பணிப்பெண் கதவைத் தட்டி எச்சரித்தாலும், அவள் என்ன சொன்னாள் என்று புரிந்துகொள்ளாமலே தலையசைத்து அனுப்பிவிடுகிறோம். புதிதாக வந்தவரின் உடலும் அவ்வூர் வெப்பத்துக்குப் பழகியிருக்காது. பழகுவதற்கு ஒன்று இரண்டு வாரங்களேனும் வேண்டும். மொழி தெரியாதவரும் உடல் பழகாதவரும் ஒருவரே ஆகும்போது இடர் இரட்டிப்பாகிறது. மாநகராட்சியின் எச்சரிக்கை தெருமுனை வரையில் வந்து நிற்கிறது. அங்கிருந்து வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்கம்பக்கத்தாரின் கடமை.

நாம் செய்யத்தக்கவை சில. மார்ச்சு மாதத்திலேயே சங்க உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவ்வூர் வெப்ப எச்சரிக்கையைத் தமிழில் எழுதி அனுப்ப ஒருவரைப் பொறுப்பாக்கலாம். தனித்து வாழும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், தகரக் கூரை வீடுகள், புதிதாக வந்த தொழிலாளர் தங்கும் அறைகள் ஆகியவற்றின் பட்டியலை எழுதி வைத்து, சிவப்பு நாளில் ஒருவர் நேரில் சென்று பார்த்து வரலாம். விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சில கூரைகளுக்குச் சுண்ணாம்பு பூசலாம். சங்கக் கட்டடத்தின் கூடத்தை நண்பகலில் திறந்து வைத்துப் பானையில் தண்ணீரும் நீர்மோரும் வைக்கலாம்.

வீட்டிலுள்ளோர் நினைவில் வைக்கவேண்டியவையும் உள. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் பருகுக. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் உடலுக்கேற்ற கரைசல் கிடைக்கும். காற்றே 40 டிகிரிக்குமேல் சுடும்போது மின்விசிறி மட்டும் போதாது; அது அனலையே மேலே வீசும்; ஈரத்துணியால் உடலை நனைத்துக்கொண்டு விசிறியின்கீழ் இருப்பதே பயன் தரும். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதித்து மயங்கினாலோ 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும் வரையில் வீணே நிற்காமல் நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

அகமதாபாத்தின் பழைய மக்கள் நிழலும் நீரும் அறம் என்று கருதினர். 2010ஆம் ஆண்டின் துயரத்துக்குப் பின் மாநகராட்சி அவ்வறத்தைத் தன் அலுவலாக ஏற்றுக்கொண்டது. எந்த ஊரில் வாழ்ந்தாலும், அவ்வூர் ஏற்பாடு நம் வாயில் வரை வந்திருக்கிறதா என்று விசாரிப்பதும், வந்திராத வீடுகளுக்கு நாமே கொண்டுசெல்வதும் நம் பொறுப்பு. அடுத்த பங்குனிக்கு முன் நம் அண்டை வீட்டுக் கூரை எத்தகையது என்பதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போமாக.